கேமில் காதலிக்க வருகிறவர்களுக்கு: வேடத்தை உங்கள் அளவுக்குக் கட்டுங்கள்

நான் விட்ட முதல் பிழையில் இருந்தே தொடங்குகிறேன். மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு முன்அறை. சைபர்பங்க் 2077ஐ முதல்முறை திறந்த இரவு. அண்ணன் பின்னால் கதிரையில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். தொடக்கத்திலேயே கேம் கேட்டது: உன் பாத்திரம் யார், உடல் எது, குரல் எது? பெண்ணாகத்தான் விளையாட எனக்கு ஆசை. ஆனால் அந்தக் கேமில் ஜூடி என்று ஒருத்தி இருக்கிறாள், அவளைக் காதலிக்கலாம் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கொஞ்சுவதை அண்ணன் கண்டால் என்ன சொல்லுவான்? அந்தப் பயத்தில் ஆண் உடலையும் ஆண் குரலையும் தெரிந்தெடுத்துவிட்டேன்.

முப்பது மணித்தியாலத்துக்கு மேல் ஜூடிக்காக ஓடினேன். அவள் பிறந்து வளர்ந்த ஊர் ஒரு நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பார்க்க ஓரிரவு இருவரும் சேர்ந்து சுழியோடிப் போவோம். 2004இல் கடல் வந்து நாவலடியை மூடியதை அறிந்த கரையில் இருந்து விளையாடுகிற எனக்கு, தண்ணீருக்குள் அந்த வீடுகளைக் கண்டதும் கை நின்றுவிட்டது. அவளும் தன் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். இனி மனம் திறப்பாள் என்று நினைத்தேன். அவளோ என்னை நல்ல கூட்டாளியாக மட்டும்தான் பார்த்தாள். ஜூடிக்குப் பெண்களைத்தான் பிடிக்கும். நானும் பெண்தான். ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் முன்னால் நான் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு ஆணை.

இந்தப் பிழையை நீங்கள் விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தன்பாலினக் காதலும் இருபால் ஈர்ப்பும் உள்ள கதைகளைக் கேமில் தேடி வருகிறவர்களுக்கு எதில் தொடங்குவது, எதைக் கவனிப்பது என்று ஒருவர் உட்கார்ந்து சொன்னால் நிறைய நேரம் மிஞ்சும்.

வேடமும் கூட்டாளியும்

ரோல்-பிளேயிங் கேம் என்றால் என்ன என்று மட்டக்களப்பாருக்கு விளங்கப்படுத்துவது லேசு. வேடம் கட்டி ஆடுவது. வடமோடி, தென்மோடிக் கூத்தில் ஒருவர் உடுப்புக் கட்டிக் களரிக்கு வந்து, வரவு ஆடி, நான் இன்னார் என்று சபைக்குச் சொல்லி, விடியும்வரை அந்த ஆளாகவே நிற்பார். ஆண்களே பெண் வேடம் கட்டி ஆட, ஊரே இருந்து பார்த்த மண் இது. கேமிலும் அதேதான். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே அண்ணாவியார் எழுதித் தந்த கொப்பி கிடையாது. அடுத்த வசனத்தை நாலைந்தில் இருந்து நீங்களே தெரிந்தெடுக்கவேண்டும்.

உங்களோடு கூட நடந்து, சண்டையில் தோள் கொடுத்து, இரவில் ஒரே நெருப்பைச் சுற்றி இருக்கும் பாத்திரங்களைத்தான் இங்கே கூட்டாளிகள் என்கிறேன். நீங்கள் செய்வதையும் சொல்வதையும் அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சில செயல் அவர்களுக்குப் பிடிக்கும், சிலது பிடிக்காது. அந்தக் கணக்கைக் கேம் வைத்திருக்கும். விருப்பம் ஏற ஏறப் பேச்சு ஆழமாகும், ஒருநாள் காதலாகவும் மாறும்.

இது நேற்று வந்த புதினமில்லை. 1998இல் வெளிவந்த ஃபோல்அவுட் 2இலேயே ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் முடிக்கலாம். 2005இல் ஜேட் எம்பயரில் ஸ்கை, சில்க் ஃபாக்ஸ் என்ற இருவர் இரு பாலாரையும் விரும்புகிறவர்களாக வந்தார்கள். 2009இல் டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் செவ்ரானையும் லெலியானாவையும் தந்தது. மாஸ் எஃபெக்ட் வரிசைதான் காக்கவைத்தது. 2007இல் முதல் கேமில் கண்ட கெய்டன் என்ற கூட்டாளியை, நாயகப் பாத்திரமான ஷெப்பர்டை ஆணாக விளையாடுகிறவர் காதலிக்க 2012இல் மூன்றாவது கேம் வரவேண்டியிருந்தது.

முதலில் கேட்கவேண்டியது

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசத் தொடங்கினால் முதலில் குடி கேட்பார்கள். தாய்வழியாக வரும் அந்தக் குடி இருவருக்கும் ஒன்றென்றால் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். மாப்பிள்ளையிலும் பிழையில்லை, பெண்ணிலும் பிழையில்லை. கேமுக்குள் போகும்போதும் அப்படி ஒரு முதல் கேள்வி இருக்கிறது: இந்தக் கூட்டாளி யாரை விரும்புகிறவர்?

இரண்டு விதமான கேம்கள் உண்டு. ஒன்றில், காதலிக்கக்கூடிய கூட்டாளிகள் எல்லாரும் உங்கள் பாத்திரம் எந்தப் பாலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். பால்டர்ஸ் கேட் 3, ஃபோல்அவுட் 4, ஸ்டார்டியூ வேலி, 2024இல் வந்த டிராகன் ஏஜ்: த வேல்கார்ட் எல்லாம் இந்த வகை. டிராகன் ஏஜ் 2இலும் ஆண்டர்ஸ், ஃபென்ரிஸ், மெரில், இசபெலா நான்கு பேரும் அப்படியே. ஸ்கைரிமில் இன்னும் சுருக்கம்: ரிஃப்டன் ஊர்க் கோவிலில் மாரமால் என்ற பூசாரியிடம் கதைத்து, மாராவின் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனால், கலியாணத்துக்குத் தயாராக இருப்பவர் ஆணா பெண்ணா என்று கேம் கேட்பதே இல்லை. ஆனால் அங்கே காதல் கதை என்று சொல்ல அதிகம் இருக்காது.

மற்ற வகையில் ஒவ்வொரு கூட்டாளிக்கும் சொந்த விருப்பம் இருக்கும். சைபர்பங்கில் ஜூடிக்குப் பெண் உடலும் பெண் குரலும் வேண்டும். கெரிக்கு ஆண் உடலும் ஆண் குரலும் வேண்டும். 2014இல் வந்த டிராகன் ஏஜ்: இன்குவிசிஷனில் டோரியன் ஆண்களை மட்டும் விரும்புகிறவன், சேரா பெண்களை மட்டும். அயன் புல்லும் ஜோசபினும் இரு பாலாரையும் விரும்புவார்கள். மாஸ் எஃபெக்ட் 3இல் ஸ்டீவ் கோர்டெஸ் ஆண் ஷெப்பர்டுக்கு, சமந்தா ட்ரெய்னர் பெண் ஷெப்பர்டுக்கு.

எனக்கு இரண்டாவது வகையில்தான் மனம் ஒட்டும். விருப்பம் என்பது ஒருவருடைய வாழ்க்கையில் என்னென்ன செய்யும் என்று அந்தக் கதைகள் காட்டுகின்றன. ஆனால் முதல்முறை வருகிறவர் முதல் வகையில் தொடங்குவதே நல்லது. யாரில் மனம் போனாலும் கதவு திறந்திருக்கும். இரண்டாவது வகைக்குப் போகும்போது, பாத்திரம் செய்யும் திரைக்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தேடி அறிந்துகொள்ளுங்கள்: யார் யாரை ஏற்பார்கள். அதற்கு மேல் வாசித்தால் கதை கெட்டுவிடும்.

அந்தத் திரையில் நீங்கள் யாரோ அந்த ஆளையே செய்யுங்கள். குறைந்தது முதல் தரமாவது. பக்கத்தில் ஆள் இருந்தால் அன்றைக்கு விளையாடாமல் விடுங்கள், நாளைக்குத் தொடங்கலாம். ஒளிப்பதற்காகக் கட்டிய வேடத்தோடு அறுபது, எழுபது மணித்தியாலம் நடந்த களைப்பு எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள் விளையாடுவது

ஒளிக்காதே என்று சொல்லிவிட்டு, மறைவாக விளையாடும் வழியையும் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். பாத்திரத்தில் ஒளிப்பது வேறு, யாருக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் கையில் இருப்பது வேறு. வெள்ளைக்காரர் காலத்துத் தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 365, 365அ பிரிவுகளின் நிழலில் வளர்ந்தவர்கள் நாங்கள். 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. அந்தப் பிரிவுகளை மாற்ற வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்ன செய்தியை நான் போனில் வாசித்தது, கல்முனையில் இருந்து வந்த பஸ்ஸுக்குள். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்படியான ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சின்ன ஏற்பாடுகள் பெரிய ஆறுதல்.

வீட்டில் லெப்டொப் ஒன்றுதான் என்றால் விண்டோஸில் உங்களுக்கென்று தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் வையுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால், அதன் நூலகத்தில் அந்தக் கேமின் மேல் வலது கிளிக் செய்து அதைத் தனிப்பட்டது என்று குறிக்கலாம். அதன்பிறகு நீங்கள் என்ன விளையாடுகிறீர்கள் என்று நண்பர் பட்டியலில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஹெட்செட் கட்டாயம் வேண்டும். பால்டர்ஸ் கேட் 3இலும் சைபர்பங்கிலும் உடல் நிர்வாணத்தை மறைக்க அமைப்புகளில் இடம் இருக்கிறது, தொடங்கும் முன்பே மறைத்துவிடுங்கள். இரண்டும் பெரியவர்களுக்கான கேம்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த தம்பி தங்கச்சிமாருக்கு நான் கடைசியில் சொல்லப்போகும் கேம்தான்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. பால்டர்ஸ் கேட் 3இன் சேவ் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரும். முத்தக் காட்சிக்குப் பிறகு சேவ் செய்தால் அந்த இடமே படமாக நிற்கும். நிறுத்துவதற்கு முன்னால் நாலு அடி நடந்து, மரத்தையோ ஆற்றையோ பார்த்தபடி இன்னொரு சேவ் செய்யுங்கள்.

இறக்குவதைப் பற்றியும் சொல்லவேண்டும். பால்டர்ஸ் கேட் 3க்கு 150 ஜிபி இடம் வேண்டும், அதுவும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில். பகல் டேட்டாவில் அதைத் தொடவே வேண்டாம். இரவு டேட்டா உள்ள பொதி என்றால் நித்திரைக்குப் போகும்போது தொடங்கி, விடிய நிறுத்தி, அடுத்த இரவு தொடருங்கள். ஸ்டீம் விட்ட இடத்தில் இருந்து பிடித்துக்கொள்ளும். உங்கள் லெப்டொப் தாங்குமா என்று சந்தேகம் என்றால், வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணித்தியாலத்துக்குள் என்றால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். பாத்திரத்தின் முகத்தைச் செதுக்குவதிலேயே அந்த இரண்டு மணித்தியாலம் போய்விடும். அதனால் முதலில் ஏதோ ஒரு முகத்தோடு உள்ளே போய்க் கேம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் புதிதாகத் தொடங்கி ஆறுதலாகச் செதுக்கலாம்.

2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. முக்கியமான பேச்சுக்கு முன்னாலும் பின்னாலும் சேவ் செய்யும் பழக்கம் கையில் ஏறவேண்டும். பால்டர்ஸ் கேட் 3இல் எஃப்5 விசை போதும்.

தமிழ் எழுத்து இந்தக் கேம்கள் எதிலும் இல்லை. ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். பதில் சொல்ல நேரக்கணக்கு இல்லாத பேச்சுகள்தான் அதிகம், விளங்காத சொல்லைப் போனில் பார்த்துவிட்டு வந்தும் பதில் சொல்லலாம். மாஸ் எஃபெக்டும், ஒரிஜின்ஸுக்குப் பிறகு வந்த டிராகன் ஏஜ் கேம்களும் முழு வசனத்தைக் காட்டாது, அதன் சுருக்கத்தைத்தான் காட்டும். இன்குவிசிஷனில் இதயக் குறி உள்ள பதில் என்றால் காதலோடு பேசப்போகிறீர்கள் என்று அர்த்தம். அதைக் கவனியாமல் அழுத்திவிட்டு, ஏன் இவன் இப்படிச் சிரிக்கிறான் என்று திகைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பால்டர்ஸ் கேட் 3: நித்திரை கொள்ள விடுங்கள்

2023 ஆகஸ்டில் லேரியன் நிறுவனம் வெளியிட்ட இந்தக் கேமில்தான் இன்றைக்குப் பலர் தொடங்குகிறார்கள். நல்ல தொடக்கம்தான். உடல், குரல், ஆணா பெண்ணா இரண்டும் அல்லாதவரா என்பதை எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தெடுக்கலாம். ஒன்று இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது.

போன வருசம் அக்கரைப்பற்றில் இருந்து என் சின்னம்மாவின் மகன் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். "அக்கா, நான் என்ன பிழை விட்டேன்? இருபது மணித்தியாலம் வில் என்ற கூட்டாளியோடு நடக்கிறேன். அவன் ஒரு வார்த்தை கதைக்கிறான் இல்லை." எத்தனை முறை முகாமுக்குப் போய் இரவு தங்கினாய் என்று கேட்டேன். மூன்று முறை என்றான். "மனே, அவனும் மனுசன்தானே, இரவில இருந்து கதைக்க விட்டாத்தானே கதைப்பான்" என்றேன்.

புதியவர்கள் எல்லாரும் விடுகிற பிழை இது. முகாமில் நீண்ட ஓய்வு எடுக்கச் சாப்பாடு செலவாகும், சாதாரண நிலையில் ஒரு தரத்துக்கு நாற்பது. அதைச் சேமிக்க நினைத்து ஓய்வே எடுக்காமல் ஓடுவார்கள். ஆனால் கூட்டாளிகள் மனம் விட்டுக் கதைக்கும் காட்சிகள் பெரும்பாலும் அந்த ஓய்வில்தான் வருகின்றன. பெட்டி, பீப்பா, குசினி எல்லாவற்றிலும் சாப்பாடு கிடைக்கும், அள்ளிக்கொள்ளுங்கள். சண்டை ஒன்று முடிந்தால் முகாமுக்குப் போங்கள். யாருடைய தலைக்கு மேல் ஆச்சரியக்குறி தெரிகிறதோ அவரோடு முதலில் கதையுங்கள். குறி இல்லாவிட்டாலும் எல்லாரோடும் கதையுங்கள்.

தொடக்கத்தில் ஒரு பெரிய முடிவு காத்திருக்கிறது. தோப்பில் ஒதுங்கியிருக்கும் டீஃப்லிங் என்ற இனத்து அகதிகளைக் காப்பதா, கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களோடு சேர்ந்து அவர்களை அழிப்பதா? அழித்தால் கூட்டாளிகளான வில்லும் கார்லக்கும் உங்களை விட்டுப் போய்விடுவார்கள். காத்தால் அன்றிரவு முகாமில் ஒரு கொண்டாட்டம். அதற்கு முன்னால் சேவ் செய்யுங்கள். அங்கே யாரோடும் உடனே இரவைக் கழிக்க ஒத்துக்கொள்ளாமல், ஒரு சுற்று எல்லாரோடும் கதைத்துவிட்டு முடிவெடுங்கள். யாரையும் தெரிந்தெடுக்காமல் விடுவதும் ஒரு தெரிவுதான். வில்லின் கதை அன்றிரவு முடிவாகாது. இரண்டாம் பாகத்தில் ஓரிரவு அவன் நடனமாடக் கூப்பிடுவான். என் தம்பி அதைப் பார்த்த அன்று விடியப்புறம் மூன்று மணிக்குப் பதிவு அனுப்பினான். அதில் சொல் ஒன்றும் இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும்.

கார்லக்கைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், அவளுடைய காதலுக்கு ஒழுங்கு தப்பாமல் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. அவளைப் பிசாசுகளின் படையில் போராட வைத்தவர்கள், அவளுடைய இதயத்தை எடுத்துவிட்டு நெஞ்சுக்குள் ஒரு நரக இயந்திரத்தை வைத்துவிட்டார்கள். பத்து வருசம் அங்கே. இப்போது அவளைத் தொட்டால் சுடும். எப்போதும் சிரித்துக்கொண்டு, எல்லாரையும் கட்டிப்பிடிக்கத் துடிக்கிற ஒருத்தி, யாரையும் தொடமுடியாமல் நிற்கிறாள். முதல் பாகத்தில் கிடைக்கும் நரக இரும்பை ஒருபோதும் விற்கவேண்டாம். தோப்பில் டாமன் என்ற கொல்லன் இருக்கிறான். ஒரு துண்டை அவனிடம் கொடுங்கள். அது முதல் திருத்தம், அதோடு சூடு போகாது. இரண்டாம் பாகத்தில் லாஸ்ட் லைட் விடுதியில் திரும்பவும் அவனைக் காண்பீர்கள். இரண்டாவது துண்டை அங்கே கொடுங்கள். அதன்பிறகுதான் அவளைத் தொடலாம்.

இதைக் குறித்து வையுங்கள்: அந்த விடுதிக்குப் போனவுடன் மாடிக்கு ஏறி, அங்கே இருக்கும் இசபெல் என்ற பெண்ணோடு கதைக்கவேண்டாம். கதைத்தால் தாக்குதல் தொடங்கும், அதில் இசபெல் பிடிபட்டால் விடுதியே விழுந்துவிடும், டாமனும் போய்விடுவான். முதலில் கீழே டாமனிடம் வேலையை முடியுங்கள், பிறகு மாடிக்கு ஏறலாம்.

இரத்தக்காட்டேரியான அஸ்டேரியன் என்ற கூட்டாளிக்கு வேறு கவனம் வேண்டும். அவன் தொடக்கத்தில் தானாகவே நெருங்கி வருவான், சொல்லெல்லாம் இனிக்கும். இரண்டாம் பாகத்தில் மூன்ரைஸ் கோபுரத்தில் இரத்தம் விற்கும் ஒருத்தி, அவன் தன்னைக் கடிக்கவேண்டும் என்று கேட்பாள். அவனுக்கு விருப்பமில்லை. பதிலுக்கு அவள் தருவதாகச் சொல்லும் பொருள் நல்லது, கை நீளும். வற்புறுத்தாதீர்கள். இருநூறு வருசம் தன் உடல் தனக்குச் சொந்தமில்லாமல் இருந்தவன் அவன். நீங்கள் அவன் பக்கம் நின்றால் பிறகு வந்து உண்மையைச் சொல்லுவான்: தொடக்கத்தில் இனித்ததெல்லாம் எதற்காக என்று. அதை நீங்கள் அவன் வாயால் கேட்கவேண்டும்.

டோரியனின் தகப்பன்

இன்குவிசிஷனை நான் முதலில் பெண்ணாக விளையாடி ஜோசபினைக் காதலித்தேன். இரண்டாம் தரம் ஆண் பாத்திரம் எடுத்தேன், இந்த முறை ஒளிப்பதற்காக அல்ல, டோரியனுக்காக.

வழி இதுதான். இதயக் குறியைக் கண்டால் அழுத்துங்கள். வெளியே போகும்போது அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்கைஹோல்ட் கோட்டைக்கு வந்தபிறகு மதர் ஜிசெல் உங்களிடம் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லுவார், டோரியனின் தகப்பன் அனுப்பியது. டோரியனுக்குச் சொல்லாமல் அவனைக் கூட்டிப் போகலாம், சொல்லியும் கூட்டிப் போகலாம். சொல்லுங்கள்.

ரெட்கிளிஃப் ஊர்த் தவறணைக்குப் போனால் உள்ளே ஆளில்லை. தகப்பனே வந்து நிற்கிறார். மகன் ஒரு பெண்ணை முடித்துக் குடும்பப் பெயரைக் காக்கவேண்டும் என்று விரும்பியவர். அவன் மறுத்தபோது, தானே வெறுக்கச் சொல்லிக்கொடுத்த இரத்த மந்திரத்தால் மகனின் விருப்பத்தை மாற்றப் பார்த்தவர். டோரியன் கத்தவில்லை. குரல் உடைகிறது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் பக்கத்து அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. நான் ஹெட்செட்டை ஒரு காதில் இருந்து எடுத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தேன். எங்கள் ஊரிலும் மகனின் மனம் மாறவேண்டும் என்று நூல் கட்டக் கொண்டுபோன தாய் தகப்பனை எனக்குத் தெரியும். அவர்களும் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். அந்தத் தகப்பனின் முகத்தில் இருந்ததும் அதுதான்.

கேம் உங்களிடம் கேட்கும்: இப்போதே போய்விடுவோம் என்பீர்களா, தகப்பனோடு கதைக்கச் சொல்வீர்களா? கதைக்கச் சொல்வதுதான் நல்ல பிள்ளையின் பதில் என்று நினைக்கவேண்டாம். அவனுடைய முகத்தைப் பார்த்து முடிவெடுங்கள். பிறகு கோட்டைக்குத் திரும்பியதும் வேறு வேலைக்கு ஓடாமல் நேரே நூலகத்துக்குப் போய் அவனோடு கதையுங்கள். கதை அங்கேதான் தொடர்கிறது.

மறுத்தால்

மறுப்பு வந்தால் பழைய சேவுக்குப் போய் ஐந்து முறை வேறு வேறு பதில் சொல்லிப் பார்க்கவேண்டாம். சேராவிடம் ஆண் பாத்திரம் எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான், அது அவள் இயல்பு. நீங்கள் வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால் அதையும் நேராகச் சொல்லுங்கள். காதலுக்கு மறுத்ததற்காக நல்ல கூட்டாளிகள் விட்டுப்போவதில்லை.

போன் மட்டும் இருந்தால்

லெப்டொப் இல்லாதவர்களுக்கும், இளையவர்களுக்கும், மேலே சொன்னதெல்லாம் பெரிய வேலையாகத் தெரிகிறவர்களுக்கும் ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாக உருவாக்கி 2016இல் வெளியிட்டது. போனிலும் ஓடும், ஒருமுறை வாங்கினால் போதும். சண்டைக் கூட்டாளிகள் இல்லை, இது தோட்டமும் ஊரும். கலியாணம் முடிக்கக்கூடிய பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், நீங்கள் ஆணோ பெண்ணோ பன்னிரண்டு பேரும் ஏற்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் இதயக் கணக்கு. நாளுக்கு ஒருமுறை கதையுங்கள், கிழமைக்கு இரண்டு பரிசு கொடுக்கலாம். பிறந்தநாளில் கொடுப்பது எட்டு மடங்கு. லியாவுக்குச் சாலட் நல்ல விருப்பம், ஊர்ச் சலூனில் 220 காசுக்கு வாங்கலாம், அதனால் அவள் புதியவர்களுக்கு லேசு. கடற்கரைக் குடிலில் இருக்கும் எலியட்டுக்கு நண்டு கேக். ஹேலிக்குச் சூரியகாந்தியும் தேங்காயும் பிடிக்கும், ஆனால் மீன் கொடுத்தால் வெறுப்பாள். எந்த மீன் என்றாலும். மீனைத் தூக்கிக்கொண்டு அன்போடு போய் நிற்கத் தோன்றுவது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான், ஆகவே சொல்லிவைக்கிறேன்.

எட்டு இதயம் வந்ததும் பியேர் என்பவரின் கடையில் 200 காசுக்குப் பூங்கொத்து வாங்கிக் கொடுங்கள். அதிலிருந்து நீங்கள் காதலர். பத்து வந்ததும் வீட்டை ஒருமுறை பெருப்பித்திருக்கவேண்டும், கையில் 5000 காசு வேண்டும். கணினியில் விளையாடினால் படுக்கையில் போய்ப் படுத்தால்தான் சேவ் ஆகும், இதை மறக்கவேண்டாம்.

கடற்கரையில் உடைந்து கிடக்கும் பாலத்தை 300 மரக்கட்டை கொடுத்துத் திருத்துங்கள். பிறகு மழைக்காகக் காத்திருங்கள். மழை பெய்யும் நாளில் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போனால், ஒரு கிழட்டு மாலுமி தனியே நிற்பார். கல்லடிப் பாலத்தை மழையில் கடந்தவர்களுக்கு அந்த நடை தெரிந்த நடைதான். அவரிடம் கடற்கன்னிப் பதக்கத்தை வாங்கி, உங்கள் ஆளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்றாம் நாள் கலியாணம். விடிய எழும்பிப் பார்த்தால் சதுக்கத்தில் தலைவர் லூயிஸ் நடுவில் நிற்பார். சுற்றிவர ஊர் ஆட்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள்.